மே மாதத்துச் சொல்

செவ்வந்தி அபார்ட்மெண்டில் நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தெட்டு ரகசியம். அந்த நாற்பத்தெட்டும் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிற எல்லோருக்கும் தெரியும் என்பது நாற்பத்தொன்பதாவது ரகசியம்.

வீட்டுச் சொல் என்று அதற்குப் பெயர். முதல் மாடி ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டுச் சொல் அவர்களுடைய நாயின் பெயர். அந்த நாயை அவர் பால்கனியில் நின்று நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுவார். மூன்றாம் மாடியில் ஒரு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சொல் ஒத்துவராமல் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்காத சனம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடாக இருந்ததற்குக் காரணம், ஒரே ஒரு போன்.

ஓர் ஆள் கால் நிமிஷம் பேசினால் போதும், அந்தக் குரலை எடுத்து என்ன வேண்டுமானாலும் பேசவைத்துவிடலாம் என்று ஆகி நாலைந்து வருஷம் இருக்கும். அதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிறது என்று கோயமுத்தூர் நிம்மதியாக இருந்தது. ஒருநாள் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மருதாசலத்துக்குப் பேரன் குரலில் போன் வந்தது. பைக்கில் விழுந்துவிட்டேன், ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் தாத்தா என்று அழுதது. மனிதர் கதவைப் பூட்டிவிட்டு ஈரோட்டுக்கு ஓடினார். அங்கே பேரனும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. திரும்பி வந்தால் பீரோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பேரன் ஓசூரில் தன் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து சங்கத்துச் செகரட்டரி சுலோச்சனா அக்காவின் ஆட்சி. அக்கா எங்கேயோ போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். தரைத்தளத்து ஹாலில் எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவள் கோகிலவாணி ஒருத்திதான்.

"அழுமுங்க. நல்லாவே அழும்," என்றார் அக்கா. "உங்க புள்ள எப்படி மூக்கை உறிஞ்சுமோ அதே மாதிரி உறிஞ்சும். உங்க வூட்டு விஷயம் அத்தனையும் எங்கிருந்தாச்சும் பொறுக்கி வெச்சிருக்கும். அதுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான், வீட்டுச் சொல்லு. மாசம் பொறந்தா அதையும் மாத்திப்போடோணும்."

கோகிலவாணி எழுந்து நின்று கேட்டாள். "நெசமாலுமே புள்ளைக்கு ஆபத்துன்னா என்னங்கக்கா பண்றது? அவசர நம்பருக்கு நேரா கூப்பிட்டுக்குமில்லீங்களா?"

"அங்கயும் இதே கூத்துதான் அம்மிணி. நாளைக்கு ஆயிரம் பொய்க் கூப்பாடு வருதாமா. வண்டியை எடுத்துட்டு ஓடுனா ஆளில்லாத காடு. அதனால மொதல்ல வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாங்க. வீட்டாளு சொல்லைக் கேட்டுப்போட்டு, ஆமா எங்காளுதான்னு உறுதி குடுத்தாத்தான் கெளம்புவாங்க. வீட்டு உறுதிதான் கடைசி. அதுக்கு மேல கேள்வியே கிடையாது."

கோகிலவாணி அதை எழுதி அடிக்கோடு போட்டாள். குப்பையை இரண்டாகப் பிரியுங்கள் என்றால் மூன்றாகப் பிரிக்கிற ரகம் அவள். புருஷன் மஸ்கட்டில் கிடங்கு ஒன்றில் ஷிஃப்டு பார்க்கிறான். இங்கே அவளும் பதினைந்து வயது மகள் இதழினியும். சட்டம் போட்டவர்களுக்கே மறந்துபோன சட்டத்தையும் கடைப்பிடிக்கிற அம்மாவுக்கு, எதையும் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற மகள். வீட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை மகளிடம் விட்டது தப்பு என்று அம்மாவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அது "ஒட்டகச் சட்டினி" என்று வைத்துவிட்டுச் சோபாவில் உருண்டு சிரித்தது. நாலு மாசமாக அதேதான். மாசா மாசம் மாற்றச் சொல்லி அக்கா நினைவூட்டியும், இதழினி விடவில்லை.

கோடை விடுமுறைக்கு முகாம் என்று ஆரம்பித்ததும் அந்தப் பெண்தான். மேற்கே வேங்கைச்சரிவு மலையில் பசுந்தடம் கோடை முகாம். பதிமூன்றிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நாள். கூடாரம் அடிக்க, திசை பார்க்க, ஓடை கடக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கடைசி ஆறு நாள் அவரவர் சாமானை அவரவர் முதுகில் கட்டிக்கொண்டு மலைமேல் நடை. போன் கிடையாது, நுழைவாயிலிலேயே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டுக்காகவே பாதிப் பெற்றோர் பிள்ளையை அனுப்பினார்கள் என்று ஒரு பேச்சு.

இதழினி மார்ச் மாதத்திலிருந்தே புத்தகங்களைப் பையில் அடைத்து மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினாள். மூட்டை ஒன்பது கிலோவைத் தாண்டக்கூடாதாம். கோகிலவாணி முறுக்கு, பருப்புப்பொடி, இரண்டு போர்வை, கஷாயப் பொட்டலம் என்று வைப்பாள். மகள் எடைமெஷினில் பையை வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பாள். எடுத்த முறுக்கை எதிர் வீட்டுப் பிரிசில்லா நின்ற இடத்திலேயே தின்று தீர்ப்பாள்.

பிரிசில்லாவுக்கு அப்பா மட்டும்தான். அம்மா ஸ்டெல்லா காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகிறது. அப்பா ஜெரால்டு கல்லூரி விடுதி ஒன்றில் தலைமைச் சமையல்காரர். அறுநூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்து மகளுக்கு மட்டும் தனியாக ஒரு முட்டை பொரிப்பார். அவர் சிரித்தால் ஓடுகிற லிஃப்டுக்குள் இருப்பவருக்கும் கேட்கும். பெண்ணை முகாமுக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமே இல்லை. கோகிலவாணிதான் போய்ப் பேசினாள்.

"இதழு கூட இருப்பாளுங்கண்ணா. என்ற பொண்ணு மாதிரி உங்க பொண்ணையும் பாத்துக்குவா. எத்தனை நாளைக்குத்தான் இந்த நாலு சுவத்துக்குள்ள வெச்சுக்குவீங்க?"

அப்படித்தான் ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி இரண்டு பெண்களும் ஒரே வேனில் ஏறிப் போனார்கள். ஜெரால்டு வேன் திரும்புகிறவரை கையாட்டினார். கோகிலவாணி மகளின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்ய ஜன்னலுக்குள் கைவிட்டுத் திட்டு வாங்கினாள்.

மே ஒன்றாம் தேதி காலையில் சங்கத்துச் செய்தி வந்தது. இன்றே சொல்லை மாற்றுங்கள், மாற்றாத வீடுகளின் பட்டியல் ஒட்டப்படும் என்று அக்கா மிரட்டியிருந்தார். மகள் இல்லாத வீட்டில் தடுக்கவும் ஆளில்லை. கோகிலவாணி "வெந்தயக் களி" என்று வைத்தாள். மஸ்கட்டுக்குத் தெரிவித்தாள். முதல் ஆளாக மாற்றிய வீடு என்று அக்காவிடம் பாராட்டும் வாங்கினாள்.

நாலாம் தேதி முகாமிலிருந்து ஒரு தகவல். வேங்கைச்சரிவுக்கு வடக்கே புல்மேட்டில் தீப் பிடித்திருக்கிறது, மேலே போவதாக இருந்த பாதையை விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தெற்கே ஓடைப் பக்கமாக அழைத்துப் போகிறோம், கவலைப்பட வேண்டாம். இரண்டு மாசமாக வரைபடத்தில் மகள் கலர் பென்சிலால் தீட்டிவைத்திருந்த பாதை போயிற்று. கோகிலவாணிக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. மேலே ஏறுவதைவிட ஓடையோரம் நடப்பது நல்லதுதானே. ஜெரால்டிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள்.

ஆறாம் தேதி மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு அவளுடைய போன் அடித்தது. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு எடுத்தாள்.

மலைப்பகுதி அவசர மையத்திலிருந்து ஓர் ஆண் குரல். தூக்கத்துக்கு ஏங்குகிற, ஆனால் மரியாதையான குரல். உங்கள் மகள் இதழினி பெயரில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது என்றது. "குரல் பொருந்துதுங்க. ஆனா இப்பெல்லாம் எந்தக் குரலும் பொருந்திரும்ங்கிறதால, உங்களுக்கு இருபது செகண்டு இணைப்புக் குடுக்கறேன். சொல்லை மட்டும் கேளுங்க. வேற பேச்சு வேண்டாம்."

கோகிலவாணியின் முதுகு தானாக நிமிர்ந்தது. வகுப்பில் சொன்னது அப்படியே நடக்கிறது.

"அம்மா," என்றது அந்தப் பக்கம். குரல் கரகரத்தது. "தீ கிட்ட வந்துருச்சும்மா. சாரும் மத்தவங்களும் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. நானும் பிரிசில்லாவும் மட்டும் பின்னாடி..."

"வீட்டுச் சொல்லைச் சொல்லுங்க," என்றாள் கோகிலவாணி.

"ஒட்டகச் சட்டினி."

போன மாசத்துச் சொல். யாரோ அதைக்கூடத் திருடிவிட்டார்கள். சுலோச்சனா அக்கா எத்தனை தீர்க்கதரிசி. அந்தப் பக்கம் "அம்மா? அம்மா, கேக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு இருமியது. இதழினிக்கு ஏழு வயதுவரை இழுப்பு உண்டு. இருமி முடிக்கும்போது நெஞ்சில் ஒரு விசில் கேட்கும். அந்த விசில் கேட்டது. கோகிலவாணியின் கை கிரைண்டர் மூடியை இறுக்கிப் பிடித்தது. அந்த ஒரு வினாடியில் அவள் வகுப்பையும் நோட்டையும் அடிக்கோட்டையும் தாண்டி வெளியே வந்திருக்கலாம். ஆனால் மூக்கை உறிஞ்சுவதுகூட அப்படியே இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாரே.

"இது என்ற பொண்ணு இல்லைங்க," என்றாள். தெளிவாக, நிதானமாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கொடுமை. மாவை வழிக்கக்கூட நிற்காமல் தரைத்தளத்துக்கு ஓடினாள். அங்கே கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த நாலு பேரை நிறுத்தி நடந்ததைச் சொன்னாள். எப்படி இருமியது என்று இருமிக்காட்டினாள். அக்கா அவளைத் தோளோடு அணைத்து, எல்லோரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். உடனே சங்கத்துக் குழுவில் போடச் சொன்னார். கோகிலவாணி அங்கேயே நின்று தட்டினாள்: முகாம் பிள்ளைகள் குரலில், தீ என்று சொல்லி, போலி அழைப்பு வருகிறது, யாரும் ஏமாற வேண்டாம். கீழே கைதட்டுகிற படங்கள் வரிசையாக வந்தன. விடுதிச் சமையலறையிலிருந்து ஜெரால்டும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

"பழைய சொல்லையே சொல்லுச்சா?" என்று அக்கா நாலாவது தடவையாகக் கேட்டு ஆச்சரியப்பட்டார். "ஒண்ணாம் தேதி மட்டும் நீ மாத்தாம இருந்திருந்தா என்னாயிருக்கும் பாரு அம்மிணி."

ஒண்ணாம் தேதி. கோகிலவாணி சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினாள். ஆட்டிய தலை பாதியில் நின்றது. வேன் போனது இருபத்தொன்பதாம் தேதி. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இன்னொரு தடவை எண்ணினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவள் ஏன் கீரைக்கட்டுகளின் நடுவில் அப்படி உட்கார்ந்தாள் என்று புரியவில்லை.

மையத்துக்கு இணைப்புக் கிடைக்கும்போது மணி இரண்டு இருபத்தைந்து. அதே ஆள்தான் எடுத்தார்.

"அது என்ற பொண்ணுதானுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். சொல்லை மாத்துனது அவளுக்குத் தெரியாதுங்க."

"உங்க மறுப்பு பதிவாயிருச்சுங்கம்மா. ஒரு மணி நேரத்துக்கு அந்த அழைப்பைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"நான் அவ அம்மாங்க."

அந்த ஆள் தனக்கே பிடிக்காத எதையோ வாசிக்கிறவர் மாதிரி சொன்னார். "அதை உங்க வீட்டாளு யாராச்சும் உறுதி பண்ணணுங்கம்மா. மறுத்தவங்க குரல்லயே திரும்பக் கூப்பிட்டுக் கதை மாத்தறதும் இப்ப நடக்குது."

வீட்டாள் மஸ்கட்டில் ஷிஃப்டில் இருந்தான். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோகிலவாணி பதினேழு தடவை கூப்பிட்டாள், நடுநடுவே ஜெரால்டையும் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

மலையில் நடந்தது எல்லோருக்கும் பிற்பாடு தெரிந்ததுதான். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நடந்திருக்கிறார்கள். முன்னால் பயிற்றுநர். கடைசியில் நடக்கிறவரிடம் ஓர் அவசர போன் இருக்கும். நன்றாக நடக்கிற பிள்ளைக்குத்தான் அந்த மரியாதை, அன்று இதழினிக்கு. பிரிசில்லாவுக்குக் குதிகாலில் கொப்புளம். பின்தங்கினாள், இதழினி அவளோடு நின்றாள். காற்று திரும்பியது. ஓடைக்கரை மூங்கிலில் தீ ஏறி வரிசையை இரண்டாக வெட்டியது. அந்தப் பக்கம் பத்துப் பேரும் பயிற்றுநரும், இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரு போனும். பத்துப் பேர் இறங்கி வனக் காவல் சாவடிக்கு வந்து நேரில் நின்று சொன்னபோது மணி மூன்று பத்து. நேரில் வந்த ஆளுக்கு உறுதி தேவையில்லை. தண்ணீர் ஊற்றும் ஹெலிகாப்டர் இருபதே நிமிஷத்தில் போய்விட்டது. ஒன்று நாற்பதுக்குக் கிளம்பியிருந்தால் இரண்டு மணிக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட யாரும் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை.

இதழினி மலையடிவாரத்து மண்சாலையில் கிடைத்தாள். இரண்டு முழங்கையும் வெந்திருந்தன, புருவம் இல்லை, உயிர் இருந்தது. பிரிசில்லா மேலே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்த மேனிக்குக் கிடைத்தாள். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகைதான்.

செவ்வந்தி அபார்ட்மெண்ட் தனக்குத் தெரிந்த வழியில் துக்கம் கொண்டாடியது. வாசலில் பிரிசில்லா பள்ளிச் சீருடையில் சிரிக்கிற பேனர். சங்கத்தில் அவசரக் கூட்டம். கூட்டத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பிள்ளைகள் திரும்பி வந்தபிறகே சொல்லை மாற்ற வேண்டும் என்று ஒரு புது விதி கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. கோகிலவாணி ஏன் இருமிக்காட்டினாள் என்று நாலாவது மாடியில் பேசிக்கொண்டார்கள். அவள் லிஃப்டில் ஏறினால் பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிச் சொன்னார்கள்.

ஜெரால்டு சிரிப்பதில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் கோகிலவாணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எல்லோருக்கும் ஏமாற்றம். தினமும் விடுதியிலிருந்து வந்ததும் எதிர் வீட்டு வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். கைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிற இதழினியிடம் ஒரே கேள்விதான்.

"கடைசியில ஏதாச்சும் சொன்னாளா பாப்பா?"

"ஒண்ணும் சொல்லலைங்க அங்கிள்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாளும் வருவார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலவாணிக்கு, அண்ணா என்னை ரெண்டு அறை அறைந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தோன்றும். இதழினியோ அம்மாவிடம் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டாள், தலைவாரினால் குனிந்தாள். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பாள். மகள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்துவிடுவாள்.

ஜூலையில் விசாரணை. பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். மணமேடையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார், பின்னால் யாரோ கழற்ற மறந்த காகிதப் பூத்தோரணம். அன்றைய தீயில் மையத்துக்கு வந்த எல்லா அழைப்புகளின் பதிவையும் போட்டுக் காட்டி, பேசியவர்களைக் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். கோகிலவாணி மாதிரியே மறுத்திருந்த மற்ற வீட்டார் பல பேர் போன மாசமே வக்கீல் வைத்து வழி கண்டுபிடித்திருந்தார்கள். இது என் குரல் இல்லை, யாரோ செய்தது என்று சொன்னால் முடிந்தது. எந்தக் குரலும் பொருந்தும்போது யாரால் மறுக்க முடியும்? அவசர மையத்து ஆள்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரியும் ஒவ்வொருத்தரிடமும் "இது உங்கள் குரல்தானா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்கிற பதிலுக்காகப் பேனாவை முன்கூட்டியே வைத்துக்கொண்டிருந்தார்.

கோகிலவாணி அப்படிச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். என் குரல்தான் என்று சொல்லி, என்ன தண்டனை உண்டோ வாங்கிக்கொள்வதாக. ஆனால் அவளுக்கு முன்னால் ஜெரால்டைக் கூப்பிட்டார்கள். அவரை எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கு அழைப்பு வந்ததாக அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பதிவு ஓடியது. மணி ஒன்று ஐம்பத்தெட்டு. பெரிய பாத்திரங்கள் மோதுகிற சத்தம். மையத்து ஆள் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறார். அதற்குள் ஜெரால்டு குறுக்கிடுகிறார்.

"தெரியும் தெரியும். இப்பத்தான் எதிர் வீட்டுக்கும் வந்துச்சு. வேற எடம் பாருங்க தம்பி."

பிறகு அந்தச் சிரிப்பு. லிஃப்டுக்குள் இருப்பவருக்கும் கேட்கிற சிரிப்பு. அதன் நடுவில், சின்னதாக, "டாடி" என்று ஒரு குரல். அதோடு பதிவு முடிந்தது.

இப்பத்தான் எதிர் வீட்டுக்கும் வந்துச்சு. கோகிலவாணி கீரைக்கட்டுகளின் நடுவில் நின்று தட்டிய செய்தி. அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தேடினாள். கல்யாண மண்டபத்து நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது.

"இது உங்கள் குரல்தானா?" என்றார் அதிகாரி.

"என் குரல்தாங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்த மண்டபத்தில் அன்று முதல் தடவையாக அந்தப் பதில். "யோசிச்சுச் சொல்லுங்க. விதிப்படி உங்க வீட்டாளு ஒருத்தர் கேட்டு உறுதி பண்ணணும். யாராச்சும் இருக்காங்களா?"

"எம்பொண்ணு இருந்தா சொல்லியிருப்பாங்க," என்றார் ஜெரால்டு. "அவளுக்கு நல்லாத் தெரியும்."

அதிகாரி காகிதத்தில், உறுதி செய்யப்படவில்லை என்று எழுதினார். ஜெரால்டு இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று நின்றார். கேட்கவில்லை. யாரோ அவரைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்து கோகிலவாணியின் பதிவு. மகளுடைய குரலும் இருமலும் மண்டபத்தின் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டன. கோகிலவாணி அதைத் தாங்கிக்கொண்டாள். தன்னுடைய குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிறவள் போல அத்தனை மரியாதையாக இருந்தது அது. அதிகாரி கேட்பதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

"நாந்தானுங்க. என் குரல்தான்."

"வீட்டாள்?"

இதழினி முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். முழங்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மின்னியது. இன்னொரு தடவை போடட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றாள்.

"இது எங்கம்மா இல்லைங்க சார்."

கோகிலவாணி மகளைப் பார்த்தாள். மகள் அதிகாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாந்தானுங்க சார்," என்று கோகிலவாணி மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. "அவ என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா. எழுதிக்குங்க, நாந்தான்." அதிகாரி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டாள் சொல்லிவிட்டார்கள், இனி நீங்கள் சொல்வது சேராது, போய் உட்காருங்கம்மா என்று இதமாகவே சொல்லி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே பந்தி நடக்கிற கூடம் காலியாகக் கிடந்தது. நீளநீளமான மேசைகள். கடைசி மேசையில் ஜெரால்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இதழினி அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டாள்.

"எதுக்குச் சாமி அப்படிச் சொன்னே?" என்றாள் கோகிலவாணி. "அம்மாவுக்கு அந்த மன்னிப்பு வேண்டாம் கண்ணு. நான் பண்ணுனதுதான அது."

"மன்னிப்பெல்லாம் இல்லைம்மா." இதழினி முழங்கையின் புதுத் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அங்க நிக்கறப்ப நான் அப்படித்தான் நெனச்சேன். யாரோ உன்ற குரலைத் திருடி, நடுவுல புகுந்து பேசறாங்க. எங்கம்மாவுக்கு இன்னும் தகவலே போகலை. போனா ஓடி வந்துரும். அதனால ரோட்டுக்கு எறங்கிட்டா போதும்னு நெனச்சுத்தான் தீக்குள்ள எறங்குனேன்."

இதழினி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"பிரிசில்லாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அது உங்கப்பா இல்லைடி, வா போலாம்னு. ஆனா அவ அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டாம்மா. அதை யாராலயும் செய்ய முடியாது, எங்க டாடிதான்னு சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டா. இழுத்துப் பாத்தேன், வரலை."

கடைசி மேசையில் ஜெரால்டு எழுந்து, போகலாமா என்பது போல இவர்களைப் பார்த்தார். இதழினி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் அதை நம்பித்தான் எறங்கி வந்தேன். இப்ப வந்து, அது நாந்தான்னு சொல்லாதம்மா."